நகரம் இருக்கிறது, நகராட்சி இல்லை!

நெல்லுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் நம் உழவர்கள் இடும் பொட்டாஷ் உரத்துக்கு இந்தியாவில் சுரங்கம் கிடையாது. தேவையில் ஏறத்தாழ முழுவதும் கடல் கடந்தே வருகிறது. அதை நமக்கு அனுப்பும் முக்கிய நாடுகளுள் ரஷியாவும் ஒன்று. ரஷிய பொட்டாஷின் பெரும்பகுதி யூரல் மலையின் மேற்குச் சரிவில், காமா ஆற்றங்கரையில் உள்ள பெரெஸ்னிகி, சோலிகாம்ஸ்க் என்னும் இரண்டு நகரங்களின் அடியிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. உர மூட்டையை நாம் அறிவோம். அது புறப்பட்ட ஊரை அறியோம்.

அந்த ஊர்கள் அமைந்துள்ள மாகாணத்தின் பெயர் பெர்ம் கிராய். பரப்பளவு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 25 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. நகரம் என்னும் தகுதி பெற்ற ஊர்கள் 25. ஐம்பது மாநிலங்களையும் நகரங்களையும் பட்டியலிடும் நிலவியல் பாடம்போல இதை வாசித்துவிட்டுக் கடந்து போகலாம்தான். ஆனால், கடந்த இருபது ஆண்டுகளில் இந்த ஒரு மாகாணத்தின் எல்லைக் கோடுகள் இரண்டு முறை அழித்து எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளாட்சி குறித்துச் சிந்திக்கும் எவருக்கும் அந்தக் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ரஷியக் கூட்டாட்சியின் உறுப்புகள் எல்லாம் ஒரே பெயரில் அழைக்கப்படுவதில்லை. குடியரசு, ஓப்லாஸ்து, கிராய், தன்னாட்சி ஓக்ருக், கூட்டாட்சி நகரம் எனப் பல வகை. ஓப்லாஸ்து என்றால் மாகாணம். கிராய் என்றால் விளிம்பு, எல்லைப்புறம். ஒரு காலத்தில் பேரரசின் ஓரத்தில் இருந்த நிலப்பரப்புகளுக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று ஓப்லாஸ்துக்கும் கிராய்க்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. இவற்றுக்குக் கீழே வருவது ராயோன், அதாவது மாவட்டம். அதற்கும் கீழே நகரம், நகர வகைக் குடியிருப்பு, ஊர், சிற்றூர்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ரஷியாவில் ஒரே நிலத்தின்மீது இரண்டு வரைபடங்கள் விரிந்து கிடக்கின்றன. ஒன்று, ஆட்சிப் பகுதி வரைபடம். ஓர் ஊர் எங்கே இருக்கிறது, அது நகரமா சிற்றூரா என்பதை அது சொல்லும். மற்றொன்று, உள்ளாட்சி வரைபடம். அந்த ஊரில் வரி வசூலிப்பது யார், அவையில் அமர்வது யார், தெருவிளக்கு எரியாவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதை அது சொல்லும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை. எனவே, ஓர் ஊர் முதல் வரைபடத்தில் நகரமாகவே நீடித்துக்கொண்டு, இரண்டாவது வரைபடத்திலிருந்து மறைந்துவிட முடியும். பெர்ம் மாகாணத்தில் நடந்தது அதுதான்.

எல்லைகள் மாறுவது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1723-இல் யெகோஷிகா ஓடைக்கரையில் எழுந்த செம்பு உருக்காலையே பெர்ம் நகரின் தொடக்கம். 1781-இல் அது நகரமாகி, பரந்த ஆளுநர் பகுதியின் தலைமையிடமானது. மலைக்கு அப்பால் உள்ள எக்கத்தரின்பர்க்கும் அப்போது பெர்முக்கு உட்பட்டிருந்தது. 1923-இல் சோவியத் அரசு யூரல் ஓப்லாஸ்தை உருவாக்கித் தலைமையிடத்தை எக்கத்தரின்பர்க்குக்கு மாற்றியபோது நிலைமை தலைகீழானது. ஆண்ட ஊர், ஆளப்படும் ஊரானது. 1938-இல்தான் பெர்ம் மீண்டும் தனி மாகாணமாயிற்று. 1940 முதல் 1957 வரை நகரமும் மாகாணமும் மோலதோவ் என்னும் அரசியல் தலைவரின் பெயரைத் தாங்கின. அவர் அதிகாரத்திலிருந்து இறக்கப்பட்டதும் பழைய பெயர் திரும்பியது.

இந்த மாகாணத்தின் நகரங்களைப் பட்டியலாகப் படிப்பதைவிட, அவை எதனால் பிறந்தன என்று பார்ப்பது பயன் தரும். வடக்கே செர்தின். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்பகுதி மாஸ்கோவின் ஆட்சிக்குள் வந்த காலத்தில் அதுவே முதன்மையான ஊர். இன்று அங்கே 5,000 பேர்கூட இல்லை. நகரத் தகுதி பெறுவதற்கு 12,000 மக்கள் வேண்டும் என்பது சோவியத் காலத்து விதி. ஆனால், ஒருமுறை பெற்ற தகுதி மக்கள் குறைந்தாலும் தானாகப் பறிபோவதில்லை. பட்டம் தங்கிவிடுகிறது, மக்கள்தான் போய்விடுகிறார்கள்.

அதற்குத் தெற்கே உப்பு நகரங்கள். சோலிகாம்ஸ்க் என்னும் பெயரில் உப்பும் இருக்கிறது, காமா ஆறும் இருக்கிறது. உசோலியே என்னும் பெயரும் உப்பிலிருந்து வந்ததே. ஸ்துரோகனோவ் என்ற பெருவணிகக் குடும்பம் உப்பு காய்ச்சிச் செல்வம் சேர்த்த இடங்கள் இவை. 1925-இல் சோலிகாம்ஸ்கில் பொட்டாஷ் படிவம் கண்டறியப்பட்டது. 1930-களில் சுரங்கம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் சுற்றியிருந்த பல குடியிருப்புகளை ஒன்று சேர்த்து பெரெஸ்னிகி என்ற புதிய தொழில் நகரம் உருவாக்கப்பட்டது. போரிஸ் யெல்த்சின் பள்ளியில் படித்த ஊர் அதுதான்.

கிழக்கே மலையடிவாரத்தில் நிலக்கரி நகரங்கள்: கிசெல், குபாகா, கிரெமியாச்சின்ஸ்க். மேற்கே காட்டுப் பகுதியில் கோமி-பெர்மியாக் மக்களின் நிலம். அதன் ஒரே நகரம் குடிம்கார். வடகிழக்கே விஷேரா ஆற்றங்கரையில் கிராஸ்னோவிஷேர்ஸ்க். கைதிகளின் உழைப்பால் எழுந்த காகித ஆலை நகரம். எழுத்தாளர் வர்லாம் ஷலாமோவ் முதல்முறை சிறைப்பட்டிருந்தது அங்குள்ள முகாமில்தான். இவை தவிர, ஏவுகணைப் படைக்காக உருவாக்கப்பட்டு, இன்றும் வெளியாள் தடையின்றி நுழைய முடியாத ஸ்வியோஸ்னி என்னும் மூடிய குடியிருப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெர்ம். மாகாணத்தில் ஐந்தில் இருவர் அந்த ஒரே நகரில் இருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் முதல் இணைப்பைப் பார்ப்போம். கோமி-பெர்மியாக் மக்கள் பின்னிஷ் மொழிக்கு உறவான மொழி பேசும் சிறிய இனத்தவர். அவர்களுக்காக 1925-இல் அமைக்கப்பட்ட தேசிய ஓக்ருக், சோவியத் ஒன்றியத்தில் அவ்வகையில் முதலாவது. 1993 அரசமைப்புச் சட்டம் அதற்கு விந்தையான ஒரு நிலையை வழங்கியது. அது பெர்ம் ஓப்லாஸ்துக்குள் அடங்கியது; அதே நேரத்தில் பெர்ம் ஓப்லாஸ்துக்குச் சமமான கூட்டாட்சி உறுப்பும்கூட. பொம்மைக்குள் பொம்மை வைக்கும் ரஷியர்களின் மரப்பொம்மைக்கு இதை ஒப்பிடுவது அங்கே வழக்கம். நாடாளுமன்ற மேலவையில் அதற்குத் தனிப் பிரதிநிதித்துவம் உண்டு. ஆனால், மரம் வெட்டுவதைத் தவிர வேறு பெரிய தொழில் இல்லை. செலவின் பெரும்பகுதி மாஸ்கோவின் மானியத்தில் நடந்தது.

2003 டிசம்பர் 7-இல் இரு பகுதிகளிலும் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் மேல் இணைப்பை ஆதரித்தனர். 2005 டிசம்பர் 1-இல் பெர்ம் கிராய் பிறந்தது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் கிராஸ்னோயார்ஸ்க், கம்சாத்கா, இர்கூத்ஸ்க், சிட்டா ஆகிய பகுதிகளும் இதே வழியில் தத்தம் ஓக்ருக்குகளைத் தம்முள் இணைத்துக்கொண்டன. கூட்டாட்சி உறுப்புகளின் எண்ணிக்கை 89-இலிருந்து 83 ஆகக் குறைந்தது. அந்த வரிசையைத் தொடங்கி வைத்தது பெர்ம்.

வாக்களித்த மக்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. சாலை, எரிவாயு, வேலை என்னும் எதிர்பார்ப்பில் அவர்கள் எடுத்த முடிவு பொருளாதார நோக்கில் அறிவுக்கு உகந்ததே. எதிர்பார்த்தவற்றுள் சில கிடைத்தன. ஆனால், இணைப்பின்போது பேசப்பட்ட ரயில் பாதை குடிம்காரை இன்னும் எட்டவில்லை. ஓக்ருக் என்ற பெயர் 'தனித் தகுதி' கொண்ட பகுதியாக மாகாணச் சட்டத்தில் நீடிக்கிறது. மாகாண அமைச்சரவையில் அதற்கென ஓர் அமைச்சரும் இடம்பெற்றார். தனி வரவு-செலவுத் திட்டமும் தனி சட்டமன்றமும் மட்டும் இல்லை.

2002 கணக்கெடுப்பில் ரஷியா முழுவதும் தம்மைக் கோமி-பெர்மியாக் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். 2010-இல் 94,000. 2021-இல் 60,000-க்கும் குறைவு. இந்த வீழ்ச்சிக்கு இணைப்பே காரணம் என்று கூறிவிட முடியாது. இளைஞர்கள் நகரத்துக்குப் போவதும், தாய்மொழி வீட்டிலேயே கைவிடப்படுவதும் அதற்கு வெகு முன்பே தொடங்கியவை. 2021-இல் இனம் எதையும் குறிப்பிடாதவர்களும் ஏராளம். எனினும், ஒரு மொழிக்காக வாதாடும் அவை ஒன்று இருப்பதற்கும், இருபத்தைந்து லட்சம் பேருக்கான அவையில் அந்த மொழிக்குச் சில குரல்கள் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது இணைப்பு இதைவிட அமைதியாக நடந்தது. இதைவிட ஆழமாகப் பாய்ந்தது. 2003-இல் இயற்றப்பட்ட ரஷிய உள்ளாட்சிச் சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தபோது, இரண்டு அடுக்கு உள்ளாட்சி உருவானது. மேலே மாவட்டம், கீழே நகரக் குடியிருப்பும் ஊர்க் குடியிருப்பும். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, தலைவர், நிதிநிலை அறிக்கை. பெர்ம் மாகாணத்தில் மட்டும் இவ்வாறு 300-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் தோன்றின. மக்களுக்கு மிக அருகில் ஆட்சி என்பது சட்டத்தின் நோக்கம்.

நோக்கம் நன்று, நிதிதான் இல்லை. ரஷியாவில் மதிப்புக் கூட்டு வரி முழுவதும் மைய அரசுக்குச் செல்கிறது. எண்ணெய் எடுப்பு வரியும் அப்படியே. உள்ளாட்சிக்கென்று முழுமையாக விடப்பட்டவற்றுள் முக்கியமானவை நில வரியும், தனிமனிதர் சொத்து வரியும். வருமான வரியில் ஒரு சிறு பங்கு உண்டு. அந்த வரியும் தொழிலாளி வாழும் ஊருக்குப் போகாமல், அவர் வேலை செய்யும் ஊருக்குப் போகிறது. ஊரில் உறங்கி, நகரத்தில் உழைப்பவரின் குழந்தைக்குப் பள்ளி நடத்துவது ஓர் உள்ளாட்சி. அவருடைய வரியைப் பெறுவது வேறோர் உள்ளாட்சி.

கிசெலை எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு நிலக்கரி வெட்டத் தொடங்கினார்கள். 1959-இல் அந்நகரில் 60,000 பேர் வாழ்ந்தனர். 1990-களில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. இன்று 20,000 பேர்கூட இல்லை. மூடிய சுரங்கங்களில் நீர் நிரம்பி, அமிலமாகி, வெளியே வழிந்து ஆறுகளைச் செம்மஞ்சள் நிறமாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நீர் எந்த மாவட்ட எல்லையையும் மதிப்பதில்லை. வருவாய் ஈட்டித் தந்த சுரங்கம் போய்விட்டது. அது விட்டுச் சென்ற கழிவு மட்டும் ஊரிடம் எஞ்சியது. அருகிலுள்ள குபாகாவும் நிலக்கரி ஊர்தான். அங்கே மெத்தனால் ஆலை இருந்ததால் அது நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே சட்டம், ஒரே அதிகாரம். வேறுபாடு, ஆலை இருப்பதும் இல்லாததும். வரி அடிப்படை இல்லாத இடத்தில் சட்டம் வழங்கும் உள்ளாட்சி உரிமை வெறும் முத்திரைக் கட்டையாகவே இருக்கும்.

எனவே, 'சின்னஞ்சிறு அவைகளைக் கலைத்து ஒன்றாக்குவோம்' என்ற வாதம் எழுந்தது. லீஸ்வா, குபாகா ஆகியவை 2011, 2012 ஆண்டுகளிலேயே ஒற்றை அடுக்கு ஓக்ருக்குகளாக மாறின. 2018-க்குப் பிறகு இது வெள்ளமெனப் பெருகியது. ஊர்ப்புற மாவட்டங்களும் இவ்வாறு மாறுவதற்கு வசதியாக 2019-இல் 'உள்ளாட்சி ஓக்ருக்' என்னும் புதிய வகையை மையச் சட்டம் உருவாக்கியது. சில ஆண்டுகளுக்குள் பெர்ம் மாகாணத்தின் 300-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் 50-க்கும் கீழே சுருங்கின. இம்முறை பொது வாக்கெடுப்பு இல்லை. மக்களின் ஒப்புதலை அவர்களுடைய அவைகளே தெரிவிக்கலாம் என்பது சட்டம். ஆகவே, ஊர் அவைகள் கூடித் தம்மைத் தாமே கலைத்துக்கொள்ளத் தீர்மானம் நிறைவேற்றின.

பெர்ம் காட்டிய வழியில் இன்று நாடு செல்கிறது. 2025 மார்ச்சில் கையொப்பமான புதிய உள்ளாட்சிச் சட்டம் ஒற்றை அடுக்கையே பொது விதியாக்க முனைந்தது. தாதர்ஸ்தான் போன்ற குடியரசுகள் எதிர்த்ததால், விரும்பும் பகுதிகள் இரண்டு அடுக்கைத் தொடரலாம் என்ற விலக்கு அதில் சேர்க்கப்பட்டது. இணைப்பு எங்கும் தடையின்றி நடந்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2020-இல் நெனெத்ஸ் ஓக்ருக்கை அர்ஹாங்கெல்ஸ்க்குடன் இணைக்க முயன்றபோது மக்கள் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஒற்றை அடுக்கின் ஆதாயத்தை மறுப்பதற்கில்லை. பத்துக் கணக்காளர்களுக்குப் பதில் ஒருவர் போதும். பனி அகற்றும் எந்திரத்தை ஓர் ஊர் தனியாக வாங்க முடியாது, ஓக்ருக் வாங்கும். திட்ட அறிக்கை எழுதி மாகாண நிதியைப் பெறும் திறன் பெரிய அமைப்புக்கே உண்டு. இவையெல்லாம் கணக்கேட்டில் பதிவாகும் ஆதாயங்கள். இழப்போ கணக்கேட்டில் ஏறுவதில்லை. முன்பு ஊர் அவை உறுப்பினர் அதே தெருவில் வசித்தார். பெரும்பாலும் ஊதியம் இல்லாமல் பணியாற்றினார். கடையில் கண்டால் கேள்வி கேட்கலாம். அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். இன்று ஊரில் இருப்பவர் ஓக்ருக் நியமித்த அலுவலர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவருக்கு.

பொருளியல் அறிஞர் வாலஸ் ஓட்ஸ் 1972-இல் முன்வைத்த பரவலாக்கக் கோட்பாடு இதைத்தான் எடைபோடச் சொல்கிறது. பெரிய அளவில் செய்வதால் மிச்சமாகும் செலவு ஒரு தட்டில். ஊருக்கு ஊர் மாறுபடும் தேவைகளை அருகிலிருந்து அறிவதன் பயன் மறு தட்டில். முதல் தட்டை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இணைப்பே எப்போதும் வெல்லும். 1970-இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் அமைப்பு சீர்கெடும்போது மனிதனுக்கு இரண்டு வழிகள்: குரல் கொடுப்பது, அல்லது வெளியேறுவது. குரலுக்கான வாசல் குறுகினால் வெளியேறும் வாசலில் கூட்டம் சேரும். மக்கள் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு மாகாணம் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

நகரத்துக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ரஷியாவில் ஊர்ப்புற ஆசிரியருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் அடிப்படை ஊதியத்தில் 25 விழுக்காடு கூடுதல் கிடைக்கிறது. ஊர்ப்புற வீடுகளுக்கு மின்கட்டணம் குறைவு. எந்த ஊரும் 'நகர ஓக்ருக்' ஒன்றில் சேர்க்கப்படும்போது இச்சலுகைகள் போய்விடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. ஆட்சிப் பகுதி வரைபடத்தில் சிற்றூர் சிற்றூராகவே நீடிக்கும் என்பதே அரசின் விடை. விடை சரியானதுதான். ஆனால், அந்த விடையைக் கேட்டுப் பெறுவதற்கே ஊருக்கு ஒரு வாய் வேண்டும்.

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். பெரெஸ்னிகியின் ஒரு பகுதி பொட்டாஷ் சுரங்கத்தின்மீதே கட்டப்பட்டது. 2006 அக்டோபரில் அந்தச் சுரங்கத்துக்குள் நீர் புகுந்தது. உப்பு கரைந்தது. 2007-இல் நிலம் உள்வாங்கிப் பெரும் பள்ளம் உருவானது. பிறகு மேலும் சில. வீடுகள் விரிசல் கண்டன. பல குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. புதிய குடியிருப்புகள் ஆற்றின் மறுகரையில், உசோலியே பக்கமாக எழுந்தன. 1989-இல் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரில் 2021-இல் 1,40,000 பேருக்கும் குறைவாகவே இருந்தனர்.

2018-இல் உசோலியே மாவட்டம் பெரெஸ்னிகியுடன் இணைக்கப்பட்டது. நகரமே ஆற்றைக் கடக்கும்போது இரு கரைக்கும் ஒரே நிர்வாகம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால், 1606-இல் நிறுவப்பட்ட உசோலியேவின் வரலாற்றைப் பாருங்கள். 1932-இல் அதை பெரெஸ்னிகியுடன் சேர்த்தார்கள். 1940-இல் பிரித்துத் தனி நகரமாக்கினார்கள். 2018-இல் மீண்டும் சேர்த்தார்கள். நகரங்களின் பட்டியலில் உசோலியே இன்றும் இடம்பெற்றிருக்கிறது. உள்ளாட்சிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அதுவும் பெர்ம் மண்ணிலேயே இருந்தது. 'தன்வரி' என்னும் ஏற்பாடு ரஷியச் சட்டத்தில் உண்டு. ஊர் மக்கள் தமக்குள் வாக்கெடுப்பு நடத்தி, ஆளுக்கு ஒரு சிறு தொகை என முடிவு செய்து, அதைத் தாம் விரும்பும் பணிக்குச் செலவிடலாம். பெர்ம் மாகாண அரசு தன் பங்கையும் அதனுடன் சேர்த்தது. கிணறு, தெருவிளக்கு, சிறு பாலம் எனத் தேவை எதுவென்று ஊரே முடிவு செய்யும். கணக்கரும் கருவூலமும் ஓக்ருக்கிடம் இருக்கட்டும். சிறு நிதியும், தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழுவும் ஊரிடம் இருக்கட்டும். சிக்கனமும் குரலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எல்லைக் கோட்டை எங்கே வரைவது என்று கேட்பவர்கள் எப்போதும் செலவைக் கணக்கிட்டுக்கொண்டே வருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீட்டு வாசலில் நிலம் விரிசல் விட்டால், காலையில் எழுந்து நடந்தே போய் யாரிடம் சொல்ல முடியும்? உசோலியே மக்களுக்கு 2018 வரை இந்தக் கேள்விக்குத் தம் ஊரிலேயே விடை இருந்தது. இன்று அவர்கள் பாலம் கடந்து போக வேண்டும்.